மூட்டுக்குள் ஒரு கேமரா: முழங்கால் நுண்துளை அறுவை சிகிச்சை, வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

செட்டிநாட்டு ஊர்களிலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முழங்காலைப் பற்றியவை. எழுதியவர்களில் பலர் ஒரே கணக்கைப் போட்டிருக்கிறார்கள்: துளை சிறியது, அதனால் ஓய்வும் சிறியது. தோலில் இடப்படும் துளை எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அதன் வழியே உள்ளே சென்று என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தே ஒருவர் ஒரு வாரத்தில் கடைக்குத் திரும்புகிறார், இன்னொருவர் ஒன்பது மாதம் காத்திருக்கிறார். ஆகவே கேள்விகளைத் தனித்தனியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு 41 வயது. பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். பரணிலிருந்து அண்டாவை இறக்கும்போது கால் ஊன்றியபடியே உடம்பு திரும்பி, முழங்கால் பிசகிவிட்டது. மூன்று வாரமாகக் காலை முழுவதும் நீட்ட முடியவில்லை. ஏதோ குறுக்கே மாட்டிக்கொண்டது போல் நின்றுவிடுகிறது. எம்ஆர்ஐ ஸ்கேன் பார்த்த மருத்துவர், உள்பக்க ஜவ்வு கிழிந்து மடிந்திருக்கிறது, நுண்துளை அறுவை சிகிச்சை செய்யவேண்டும் என்கிறார். காலையில் போனால் மாலையில் வந்துவிடலாம் என்பது உண்மையா? எத்தனை நாள் கடையை மூடவேண்டியிருக்கும்?
— வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் மருத்துவர் சொல்வது சரி. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையில், உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாகப் பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புச் சவ்வுகள் இருக்கின்றன. உடல் எடையைப் பரப்பித் தாங்குவது அவற்றின் வேலை. உங்களுக்கு உள்பக்கச் சவ்வு நீளவாக்கில் கிழிந்து, கிழிந்த பகுதி மூட்டின் நடுவே புரண்டு விழுந்திருக்கிறது. காலை நீட்ட முடியாமல் தடுப்பது அதுதான். இப்படிப் பூட்டிக்கொண்ட மூட்டை உடற்பயிற்சியோ தைலமோ விடுவிக்காது. யாரையாவது வைத்து இழுத்து நீட்டப் பார்ப்பதும் கூடாது. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால், புரண்டு கிடக்கும் பகுதி நசுங்கி, தைத்துக் காப்பாற்றும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

கடையை எத்தனை நாள் மூடுவது என்பதற்கு இப்போதே உறுதியாகப் பதில் சொல்ல இயலாது. சவ்வின் வெளி விளிம்பில் இரத்த ஓட்டம் உண்டு. அங்கே ஏற்பட்ட கிழிசலைத் தைத்தால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். உள் விளிம்பில் இரத்த ஓட்டம் இல்லை, தைத்தாலும் ஒட்டாது. அங்கே கிழிந்த துண்டை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டு, ஓரத்தைச் சீராக்கி விடுவார்கள். தைப்பதா, நறுக்குவதா என்பதை ஸ்கேன் படத்தைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாமே ஒழிய, கேமரா உள்ளே சென்று கிழிசலை நேரில் பார்த்த பின்னரே அறுவை மருத்துவர் முடிவெடுப்பார். ஆகையால், இரண்டுக்கும் தயாராகச் செல்லுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன்னால், "தைக்க முடிந்தால் தைப்பீர்களா? தைத்தால் எத்தனை நாள் கால் ஊன்றக்கூடாது?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். நறுக்கி எடுத்தால் சீக்கிரம் நடக்கலாம் என்பதற்காக அதையே செய்யச் சொல்லி வற்புறுத்துவோர் உண்டு. 41 வயதில் அது நல்ல பேரமன்று. சவ்வு குறைந்த மூட்டில் தேய்மானம் சீக்கிரமே தொடங்கிவிடும்.

இனி, அன்றைய நாள் எப்படி நடக்கும் என்பதைச் சொல்கிறேன். முன்னதாகவே இரத்தப் பரிசோதனை, இசிஜி ஆகியவற்றை முடித்துவிடுவார்கள். திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தவேண்டும். வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்புவரை குடிக்கப் பொதுவாக அனுமதிப்பார்கள். பால் கலந்த காப்பியைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கக்கூடாது. "ஒரு வாய் காப்பிதானே" என்று மறைத்துக் குடிப்பவர்களால்தான் பல அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போகின்றன. காலில் உள்ள முடியை வீட்டிலேயே பிளேடால் மழித்துக்கொண்டு வரவேண்டாம், அதில் ஏற்படும் நுண்ணிய கீறல்கள் வழியே கிருமி நுழையும். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தால் போதும். அறுவைக் கூடத்துக்குள் செல்வதற்கு முன் எந்தக் கால் என்று பேனாவால் குறியிடுவார்கள். அது சரியான கால்தானா என்று நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். தொடையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை போன்ற ஒன்றைச் சுற்றி இறுக்குவார்கள். முழங்கால் சிப்பிக்குக் கீழே இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத துளைகளை இட்டு, ஒன்றின் வழியே 4 மில்லிமீட்டர் பருமனுள்ள கேமராக் குழலையும், மற்றொன்றின் வழியே கருவிகளையும் செலுத்துவார்கள். உட்புறம் தெளிவாகத் தெரிவதற்காக உப்புக் கரைசல் மூட்டுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். எதிரே உள்ள திரையில் எல்லாம் தெரியும். விருப்பமுள்ளவர்கள் தங்கள் மூட்டைத் தாங்களே பார்க்கலாம். நறுக்குவது மட்டும் என்றால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், தைப்பதென்றால் இன்னும் கூடுதலாகும்.

உணர்ச்சி திரும்பச் சில மணி நேரம் ஆகும். அதுவரை தானாக எழுந்து நிற்க முயலக்கூடாது. சிறுநீர் பிரியத் தாமதமாவது உண்டு, அதைச் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குள், உட்கார்ந்தால் மண்டையைப் பிளப்பதும் படுத்தால் அடங்குவதுமான தலைவலி வந்தால், அது முதுகில் போட்ட ஊசியால் இருக்கலாம். பொறுத்துக்கொண்டு இராமல் மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். காலையில் போய் மாலையில் திரும்புவது நடக்கக்கூடியதுதான். ஆனால் முதுகில் ஊசி போட்டவர்களை ஓர் இரவு வைத்திருந்து அனுப்பும் வழக்கமே இங்கு அதிகம், அதில் தவறில்லை.

நறுக்கி எடுத்திருந்தால் அன்றோ மறுநாளோ ஊன்றுகோலுடன் காலை ஊன்றி நடக்கலாம். 10 முதல் 14 நாட்களில் தையல் பிரிப்பார்கள். கல்லாவில் உட்காரும் வேலை என்றால் ஒரு வாரம், பத்து நாளில் போகலாம். அண்டா தூக்குவது, பரண் ஏறுவது எல்லாம் ஆறு வாரத்துக்குப் பிறகு. தைத்திருந்தால் கணக்கே வேறு. நான்கு முதல் ஆறு வாரம் வரை முழங்கால் பட்டை அணிந்து, மருத்துவர் சொல்லும் அளவுக்கு மட்டுமே எடையைத் தாங்கி, 90 பாகைக்கு மேல் மடக்காமல் இருக்கவேண்டும். குந்தி உட்காருவதும் பாரம் தூக்குவதும் நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். வியாபாரம் சூடுபிடிக்கும் கல்யாண மாதங்களை ஒதுக்கிவிட்டு நாளைக் குறிப்பது உங்கள் சௌகரியம். ஆனால் ஆடியில் செய்யக்கூடாது என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எனக்கு 67 வயது. சர்க்கரையும் உண்டு. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது என்கிறார்கள். வளவு முற்றத்தில் இறங்கி ஏறுவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடுகிறது. என் கொழுந்தியாள் மகன், "பெரிய ஆபரேஷன் வேண்டாம் ஆச்சி, துளை போட்டு உள்ளே கழுவிவிட்டால் சரியாகிவிடும்" என்கிறான். ஸ்கேனிலும் ஜவ்வு கிழிந்திருப்பதாக எழுதியிருக்கிறது. செய்துகொள்ளலாமா?
— ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: வேண்டாம் ஆச்சி. உங்கள் நன்மையை எண்ணித்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் தேய்ந்த மூட்டைக் கழுவிவிடுவதால் வலி போகாது என்பது இப்போது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துவிட்டது.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2002ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சிலருக்கு உண்மையாகவே உள்ளே கழுவியும் சுரண்டியும் விட்டார்கள். மற்றவர்களுக்குத் தோலில் மட்டும் கீறித் தையல் போட்டு அனுப்பினார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும், உண்மையில் செய்துகொண்டவர்களுக்கு மற்றவர்களைவிட எந்த நன்மையும் இருக்கவில்லை. பெரிய தேய்மானம் இல்லாமல், நாட்பட்டுக் கிழிந்த சவ்வு மட்டும் உள்ளவர்களிடம் இதேபோல் பின்லாந்தில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்விலும், சவ்வை நறுக்கியவர்களும் நறுக்காதவர்களும் ஓராண்டு கழித்து ஒரே நிலையில்தான் இருந்தார்கள். 2017இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, தேய்மானத்தால் வரும் முழங்கால் வலிக்கு இந்த அறுவை சிகிச்சை கூடாது என்றே வழிகாட்டுதல் எழுதிவிட்டது.

அப்படியானால் ஸ்கேனில் கிழிசல் என்று எழுதியிருக்கிறதே என்பீர்கள். வயதான மூட்டில் சவ்வு கிழிந்து தெரிவது தலைமுடி நரைப்பதைப் போன்றதுதான். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்னும் ஊரில் நடுவயதினரையும் முதியோரையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். சவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்காலில் வலியோ பிடிப்போ இருந்ததே இல்லை. அந்தக் காகிதத்தில் உள்ள ஒரு வரிக்காகக் கத்தி வைக்கத் தேவையில்லை.

உங்களுக்குப் பயன்படக்கூடியவை வேறு. தொடையின் முன்புறத் தசையை வலுவாக்கும் பயிற்சி முதன்மையானது. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டிப் பத்து வரை எண்ணி இறக்குங்கள், ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. உடல் எடை கூடுதலாக இருந்தால், ஐந்து கிலோ குறைந்தாலே வளவுப் படியில் வேறுபாடு தெரியும். வலி ஒரு காலில் அதிகம் என்றால் கைத்தடியை அதற்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கவேண்டும். நான் பார்க்கும் பத்தில் எட்டுப் பேர் வலிக்கிற பக்கமே பிடித்துக்கொண்டு வருகிறார்கள். வலி மாத்திரைகளைக் கடையில் நீங்களாக வாங்கித் தொடர்ந்து சாப்பிட வேண்டாம், சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மேலே தடவும் வலி மருந்து பாதுகாப்பானது. இவற்றையெல்லாம் செய்தும் இரவில் உறங்க முடியாத அளவுக்கு வலி இருந்தால், நேராக மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். நடுவில் துளை போட்டுக் கழுவுவது ஒரு படிக்கட்டு அன்று.

முதியவர்களுக்கு நுண்துளை சிகிச்சையே கூடாது என்று இதை எடுத்துக்கொள்ளக்கூடாது. மூட்டுக்குள் சீழ் வைத்துவிட்டால் உடனே கழுவ வேண்டும், அது அவசர சிகிச்சை. காசநோய் என்ற ஐயம் இருந்தால் உள்சவ்வில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதற்கும் இதே வழிதான். 1918இல் டோக்கியோவில் கெஞ்சி தகாகி என்னும் மருத்துவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழலை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்ததே இந்த மருத்துவத்தின் தொடக்கம். காசநோயால் முழங்கால் மடங்காமல் போவதை முன்கூட்டியே கண்டறியவேண்டும் என்பது அவருடைய கவலை. தரையில் மண்டியிட்டு அமரும் மக்களுக்கு மடங்காத முழங்கால் எவ்வளவு பெரிய குறை என்பதைப் பந்திப்பாயில் சம்மணமிட்டு வளர்ந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: வயது 23. தை மாதம் மஞ்சுவிரட்டில் மாட்டை விட்டு விலகும்போது கால் தரையில் பதிந்து, முழங்கால் திரும்பிவிட்டது. 'டப்' என்று சத்தம் கேட்டது. இரண்டு மணி நேரத்தில் பந்துபோல் வீங்கிவிட்டது. இப்போது வீக்கம் இல்லை, நேராக நடக்கிறேன். ஆனால் ஓடித் திரும்பினால் முழங்கால் நழுவுகிறது. முன்பக்க ஜவ்வு முழுவதும் அறுந்திருக்கிறது என்கிறார்கள். காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். ஆபரேஷன் செய்தால் மூன்று மாதத்தில் ஓடலாமா?
— வாசகர், சிராவயல்

பதில்: மூன்று மாதத்தில் மெதுவோட்டத்தைத் தொடங்கிப் பார்க்கலாம், அதுவும் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து பார்த்து அனுமதித்தால். உடல்திறன் தேர்வில் முழு வேகத்தில் ஓடவும் தாண்டவும் ஒன்பது மாதமாவது வேண்டும், தம்பி.

சத்தம், உடனடி வீக்கம், திரும்பும்போது நழுவுதல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் முன் சிலுவைத் தசைநார் (நீங்கள் முன்பக்க ஜவ்வு என்று எழுதியிருப்பது) அறுந்திருக்கும். காரைக்குடி வாசகருக்குக் கிழிந்தது எலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை, உங்களுக்கு அறுந்தது இரண்டு எலும்புகளையும் பிணைத்து வைக்கும் நார். அறுந்த இந்த நாரின் முனைகளைச் சேர்த்துத் தைத்தால் நிற்பதில்லை என்பதால், தொடையின் பின்புறத் தசைநாரையோ முழங்கால் சிப்பிக்குக் கீழுள்ள நாரையோ எடுத்து, எலும்பில் துளையிட்டுப் புதிதாகப் பொருத்துவார்கள். ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

இப்படிப் பொருத்திய நார், பிடுங்கி நட்ட நாற்றைப் போன்றது. நட்ட அன்று நிமிர்ந்து நிற்கும், பிறகு சோர்ந்து, வேர்பிடித்த பின்பே தேறும். புது நாரும் முதல் சில வாரங்களுக்குப் பிறகு வலுக் குறைந்து, இரத்தக் குழாய்கள் அதற்குள் வளர்ந்த பின்னரே படிப்படியாக உறுதியாகிறது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நார் மிகவும் பலவீனமாக இருக்கும் இரண்டாவது, மூன்றாவது மாதத்தில்தான் வலி முழுவதும் போய், "எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது" என்ற துணிச்சல் வருகிறது. கபடிக் களத்தில் இறங்கி, போட்ட நாரை மறுபடி அறுத்துக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் இந்த அவசரத்தில் இறங்கியவர்கள்தாம்.

வலியில்லாமல் நடக்கும் இப்போதைய நிலையில் அறுவை சிகிச்சை அவசரமன்று. ஆனால் நழுவ நழுவச் சவ்வும் கிழியும் என்பதால், விளையாட்டையும் கடின உழைப்பையும் விரும்பும் உங்கள் வயதில் செய்துகொள்வதே நல்லது. அதற்கு முன் நான்கைந்து வாரம் பயிற்சி செய்து, கால் முழுவதும் நீளும்படியும் தொடைத் தசை மற்றொரு காலுக்கு இணையாகவும் ஆக்கிக்கொள்ளுங்கள். விறைத்த காலோடு மேசையில் படுப்பவருக்குப் பிறகும் விறைப்புத் தீர்வதில்லை.

அறுவைக்குப் பிறகு முதல் இரண்டு வாரத்தில் ஒன்றே ஒன்றைக் கவனித்தால் போதும் என்றால், காலை முழுவதும் நேராக்குவதைச் சொல்வேன். மடக்குவது பின்னால் வந்துவிடும். இதமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பதே பலரைக் கெடுக்கிறது. வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முழங்கால் தன் எடையால் தாழ்ந்து நேராகும். விளையாட்டுக்குத் திரும்பும் நாளைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாமல், ஒற்றைக் காலில் தாண்டும் தொலைவையும் தொடைத் தசையின் வலுவையும் இரு கால்களிலும் அளந்து, பத்தில் ஒன்பது பங்காவது ஈடாக வந்த பின்னரே அனுமதிப்பார்கள். அடுத்த தைக்கும் மஞ்சுவிரட்டை வெளியிலிருந்து பாருங்கள்.

கேள்வி: என் கணவருக்கு அடுத்த வாரம் சவ்வுத் தையல் அறுவை சிகிச்சை. எங்களுடையது மூன்று கட்டு உள்ள பழைய வீடு. கழிவறை பின்கட்டில் இருக்கிறது. ஆறு வாரம் ஊன்றுகோலில் நடக்கவேண்டுமாம். வீட்டில் என்ன ஏற்பாடு செய்வது?
— வாசகி, தேவகோட்டை

பதில்: மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் யோசிக்காமல் முன்பே கேட்டது நல்லது. நம் வீடுகள் வெயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஏற்றபடி கட்டப்பட்டவை, ஊன்றுகோலுக்கு அல்ல. முகப்புத் திண்ணைப் படிகளில் தொடங்கி, ஒவ்வொரு கட்டுக்கும் உயரமான நிலைப்படியைத் தாண்டவேண்டும், வளவுக்குள் இறங்கி ஏறவேண்டும்.

முதலில், அவர் படுக்கும் இடமும் கழிவறையும் வீட்டின் ஒரே கட்டுக்குள் இருக்குமாறு செய்யுங்கள். மேல்நாட்டுக் கழிவறை பின்கட்டில்தான் என்றால் கட்டிலையும் அங்கே கொண்டுபோங்கள். அது இயலாவிட்டால், நடுவில் துளையுள்ள கழிப்பறை நாற்காலி மருந்துப் பொருள் கடைகளில் கிடைக்கும், வாடகைக்கும் தருவார்கள். தைத்த முழங்காலோடு குந்தி உட்காரவே கூடாது. ஒரே ஒரு முறை குந்தினாலும் தையல் பிரிந்துபோகலாம்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கும் வழக்கத்தை இந்த ஆறு வாரம் நிறுத்திவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் முழுக்க உலரும்வரை அவர் எழக்கூடாது. ஊன்றுகோலின் அடியில் உள்ள ரப்பர்க் குமிழ் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தால் மாற்றுங்கள், வாடகைக்கு எடுத்த ஊன்றுகோல்களில் அது தேய்ந்தே இருக்கும். வளவில் மழைச் சாரல் விழும் பக்கமாக நடக்க வேண்டாம்.

நிலைப்படியையும் படிகளையும் தாண்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு நோவுள்ள காலும் ஊன்றுகோலும். இறங்கும்போது ஊன்றுகோலும் நோவுள்ள காலும் முதலில், பிறகு நல்ல கால். அறுவைக்கு முன்பே, வலியில்லாத இந்த வாரத்தில், முகப்பிலிருந்து படுக்கை வரை ஊன்றுகோலுடன் நான்கைந்து தடவை நடந்து பழகச் சொல்லுங்கள். எந்த நிலைப்படியில் பிடிக்க ஆள் வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

முதல் மூன்று நாட்களுக்கு, துணியில் சுற்றிய ஐஸ் பையை ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் வரை, இரண்டு மூன்று மணிக்கொரு முறை வைக்கலாம். ஐஸ் தோலில் நேரடியாகப் படக்கூடாது, கட்டு நனையவும் கூடாது. படுத்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும், கெண்டைக்கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையாமல் இருக்க அது உதவும். நடக்கும்போது சில நாட்களுக்கு மூட்டுக்குள் 'களக் களக்' என்று தண்ணீர் அலசும் சத்தம் கேட்டால் அஞ்ச வேண்டாம், மிச்சமிருக்கும் உப்புக் கரைசல் தானாக வற்றிவிடும். தோல் கன்றி நீலம் பாரிப்பது கணுக்கால் வரை இறங்குவதும் வழக்கம்தான். தையல் பிரிக்கும்வரை காலில் தண்ணீர் படாமல் குளிக்கவேண்டும், பிரித்த பிறகும் புண் நன்றாக மூடும்வரை ஊருணிக் குளியல் வேண்டாம். துளைகளுக்குப் பக்கத்தில் சிறிதளவு தோல் மரத்தே இருக்கலாம், அது நடையைப் பாதிக்காது.

நலம் விசாரிக்க வருபவர்களை எழுந்து நின்று வரவேற்க வேண்டும் என்ற மரியாதையையும் கொஞ்ச நாள் ஒத்திவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அறுவை சிகிச்சை செய்தவர்கள் பருப்பு, கத்தரிக்காய், முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று அப்பத்தா பத்தியம் வைக்கிறார்கள். எண்ணெய்க்கட்டு வைத்தியரிடம் நீவிவிடவும் சொல்கிறார்கள். சரியா?
— வாசகர், புதுவயல்

பதில்: பத்தியம் தேவையில்லை. புண் ஆறவும், படுத்துக் கிடந்து சுருங்கிய தொடைத் தசை மீளவும் புரதம் வேண்டும், அது அப்பத்தா விலக்கச் சொல்லும் பருப்பிலும் முட்டையிலும் மீனிலும்தான் இருக்கிறது. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள உணவை மட்டும் தவிர்க்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் விலக்க வேண்டியது கத்தரிக்காயை அன்று, பார்க்க வருபவர்கள் கொண்டுவரும் பலகாரத்தை.

நீவிவிடுவது கூடவே கூடாது. ஆறாத துளை வழியே எண்ணெயும் கிருமியும் உள்ளே போகலாம். அதைவிட ஆபத்து, கெண்டைக்காலில் இரத்தம் உறைந்திருந்து அது தெரியாமல் அழுத்தி நீவினால், உறைகட்டி கழன்று நுரையீரலுக்குப் போய் உயிருக்கே முடிவாகலாம். கெண்டைக்கால் கல்போல் இறுகி வலித்தாலும் வீங்கினாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள், மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 108ஐ அழையுங்கள். குளிர் காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி, துளையிலிருந்து கலங்கிய நீர் வடிதல் ஆகியவையும் காத்திருக்கக்கூடாத அறிகுறிகள். இவை அரிதாகவே நிகழும், நூற்றில் ஒருவருக்குக்கூட மூட்டில் சீழ் வைப்பதில்லை. ஆனால் வைத்துவிட்டால் ஒவ்வொரு நாள் தாமதமும் குருத்தெலும்பைத் தின்னும்.

கேள்வி: சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். அறுவைக்கு முன் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா? முதலமைச்சர் காப்பீட்டில் செய்ய இயலுமா?
— வாசகர், கானாடுகாத்தான்

பதில்: எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தானே நிறுத்துவது, முழங்காலைக் காப்பாற்றப்போய் இதயத்தை இழப்பதாகிவிடும். எதை எத்தனை நாள் நிறுத்துவது என்று இதய மருத்துவரிடம் எழுதி வாங்கிவாருங்கள். சர்க்கரை மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், மற்றவற்றைப் பெரும்பாலும் அன்று காலை மட்டும் விடச் சொல்வார்கள். மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், "வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் ஒன்று" என்று சொன்னால் எங்களுக்குப் புரியாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. உங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு அலுவலரிடம் கேட்டு, முன் அனுமதி வந்த பிறகே நாள் குறித்துக்கொள்ளுங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவில் முதலில் காட்டிக் கருத்துக் கேட்பதும் நல்லது.

கேள்வி: ஐப்பசியில் சவ்வை நறுக்கி எடுத்தார்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடியுடன் நடந்து செல்வது குடும்ப வழக்கம். இந்த ஆண்டு போகலாமா?
— வாசகர், கோனாபட்டு

பதில்: ஐப்பசிக்கும் தைப்பூசத்துக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மாதம் இருக்கிறது. நறுக்கியது மட்டும்தான், தேய்மானம் இல்லை என்றால் போகத் தடையில்லை, ஆனால் முன்தயாரிப்பு இன்றிப் போகக்கூடாது. கார்த்திகையிலேயே இரண்டு கிலோமீட்டர் நடையைத் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நடக்கும்போது வலிக்கிறதா என்பதைவிட, மறுநாள் காலையில் முழங்கால் வீங்கியிருக்கிறதா என்பதே சரியான அளவுகோல். வீங்கியிருந்தால் இரண்டு நாள் விட்டு, முந்தைய வாரத் தொலைவுக்குத் திரும்புங்கள். மார்கழிக் கடைசிக்குள் தொடர்ந்து இரண்டு நாள் பதினைந்து கிலோமீட்டர் நடந்தும் வீக்கம் வரவில்லையென்றால் பாதயாத்திரைக்குப் புறப்படலாம். வெறுங்காலோடு நடப்பதாக வேண்டுதல் என்றால் பயிற்சி நடையில் பாதியையாவது வெறுங்காலில் நடந்து பழகுங்கள். வழியில் வீங்கினால், அன்றைய மீதித் தொலைவைக் கூட வரும் வண்டியில் ஏறிக் கடந்துவிட்டு, தங்குமிடத்தில் காலை உயர்த்தி ஐஸ் வைத்து, மறுநாள் காலை பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.